பணிமனையும் மௌனமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆறில்லாத நாட்டில் கிணற்று நீரையே நம்பித் தோட்டஞ் செய்த மக்கள், கல்வியையும் அக்கல்வி தந்த உத்தியோகத்தையும் ஊன்றுகோலாகப் பற்றி முன்னேறிய வரலாறு முழுவதும் இந்த ஒரு வாசகத்துள் அடங்கிக் கிடக்கின்றது. மகனுக்கு உத்தியோகம் கிடைத்ததா, எந்தக் கந்தோரில், என்ன சம்பளம், எப்போது ஓய்வூதியம் என்றெல்லாம் நாம் ஓயாது விசாரித்திருக்கிறோம். ஆயின், அந்தக் கந்தோருக்குள் காலை எட்டு மணிக்குப் புகுந்த மனிதன் மாலை நான்கு மணிவரை எந்த மனநிலையில் இருக்கிறான் என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

பாடசாலையாயினும், வைத்தியசாலையாயினும், பிரதேச செயலகமாயினும், வங்கியாயினும், மனிதன் தன் விழிப்புப் பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் பணிமனையே. அங்கே அவனுக்கு நாற்காலியும் மேசையும் மின்விசிறியும் இருந்தால் மட்டும் போதுமா? "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்லவும், "நான் பிழை விட்டுவிட்டேன்" என்று ஒப்புக்கொள்ளவும், "ஐயா, தாங்கள் சொல்வது சரியென எனக்குப் படவில்லை" என்று பணிவோடு மறுக்கவும், "வீட்டில் துயரம், இன்று என்னால் முடியவில்லை" என்று மனந்திறக்கவும் அவனுக்கு இடம் உண்டா? இந்த நான்கு வாக்கியங்களையும் பழிக்கும் பரிகாசத்திற்கும் தண்டனைக்கும் அஞ்சாது சொல்லக்கூடிய நிலையையே இக்கால அறிஞர் உளப் பாதுகாப்பு என்கின்றனர். ஒரு பணிமனையின் நலத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

பிழைகளின் கணக்கு

இக்கருத்து ஆராய்ச்சி உலகில் வேரூன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மன்சன் என்னும் பெண்மணி, 1990ஆம் ஆண்டுகளில் வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள தாதியர் குழுக்களில் பிழைகள் குறைவாயிருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கோ நேர்மாறாக வந்தது. சிறந்த குழுக்களிலேதான் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன!

நல்ல குழு ஏன் அதிகம் பிழை செய்ய வேண்டும்? அவர் சிந்தித்தார். குழுக்களைப்பற்றி முன்னரே எதுவும் அறியாத உதவியாளர் ஒருவரை நோயாளர் விடுதிகளுக்கு அனுப்பி, அங்கு நடப்பனவற்றைப் பார்த்துவரச் செய்தார். உண்மை புலப்பட்டது. சில விடுதிகளில் தாதியர் பிழைகளைத் தலைமைத் தாதியிடம் அஞ்சாது சொன்னார்கள். எல்லாரும் கூடிக் காரணம் ஆராய்ந்தார்கள். வேறு சில விடுதிகளிலோ, சொன்னால் வசைதான் மிஞ்சும் என்று மூடி மறைத்தார்கள். ஆகவே கணக்கிலே குறைந்திருந்தது பிழையன்று. பிழையைச் சொல்லும் துணிவு. இந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின், உற்பத்தி நிறுவனமொன்றின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து, அஞ்சாது பேசக்கூடிய குழுவே கற்றுக்கொள்ளும், கற்றுக்கொள்ளும் குழுவே திறம்படச் செயலாற்றும் என்று அவர் நிறுவினார்.

இதை நம் பாடசாலைகளில் ஒன்றுக்கு மாற்றி எண்ணிப் பாருங்கள். பரீட்சை முடிவுகள் வந்துள்ளன. ஆசிரியர் கூட்டம் நடைபெறுகின்றது. கணிதத்தில் சித்தி வீதம் குறைந்துவிட்டது. கணித ஆசிரியையை எழுந்து நிற்கச் சொல்லி, நாற்பது பேர் முன்னிலையில் அதிபர் விளக்கம் கேட்கிறார். ஆசிரியை தலைகுனிந்து நிற்கிறார். அவருடைய வகுப்பிலே இருபது பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புப் பின்னமே விளங்கவில்லை என்பதை அவர் சொல்ல விரும்பினார். ஆனால் அந்நிலையில் அது சாக்குப்போக்காகவே கேட்கும் என்பதால் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் என்ன செய்வார்? தேறக்கூடியவர்களைத் தேர்ந்து அவர்களுக்கு மட்டும் பாடுபடுவார். தேறாதவர்களைப் பின்வாங்கிற்கு அனுப்பிவிடுவார். சித்தி வீதம் உயரலாம். அந்த இருபது பிள்ளைகளின் கதி? கூட்டத்தில் ஓர் ஆசிரியைக்கு நேர்ந்த அவமானத்தின் விலையை, கூட்டத்திற்கு வராத பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

பழைய மௌனம்

நம் குடாநாட்டுப் பணிமனைகளில் நிலவும் மௌனத்திற்கு வேர்கள் இரண்டு. ஒன்று பழையது, மற்றொன்று போர் தந்தது.

பழைய வேர் நமது படிநிலைச் சமுதாயத்தில் ஊன்றியது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. ஒரு கந்தோரிலே யார் யாரை எந்தப் படியில் விளிக்கிறார் என்று கவனித்தாலே, அங்கு யாருக்குப் பேச உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதை அரைமணி நேரத்தில் அறிந்துவிடலாம். நரைத்த தலையுடைய சிற்றூழியரை நேற்றுப் பதவியேற்ற இளைஞர் "நீர்" என்று விளிப்பதும், அவர் பதிலுக்கு "ஐயா" என்பதும் இன்றும் பல இடங்களில் கேட்கக்கூடியன. குழாய் உடைந்திருப்பதை, மின்கம்பி அறுந்திருப்பதை, ஒரு பிள்ளை கழிப்பறையில் நின்று அழுததை முதலில் காண்பவர் அந்தச் சிற்றூழியரே. ஆனால் அவருடைய சொல் மேலேறுவதற்குப் படி இல்லை.

பாடசாலையிலே சமமாக அமர்வதற்கே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. 1924இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சம ஆசனத்திற்கும் சம போசனத்திற்கும் குரல் கொடுத்தது. 1930ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற கட்டளை வந்தபோது எழுந்த எதிர்ப்பை வரலாறு அறிந்தவர் மறவார். நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளை ஆசிரியரிடம் ஐயம் கேட்பது எங்ஙனம்? அமரும் இடத்தில் பிறந்த அச்சம், வளர்ந்து உத்தியோகம் பெற்ற பின்னரும் நாவைக் கட்டுவதில் வியப்பில்லை.

ஆசிரியர் நிலையும் அக்காலத்தில் பெரிதும் உயர்ந்ததன்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் பெரும்பாலான பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரையில், உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியரை நியமிப்பவர் முகாமையாளர். சம்பளத்திற்குப் பணம் பெரும்பாலும் அரசாங்கத்தினது. ஆனால் நியமனமோ முகாமையாளரின் விருப்பம். சமயம், உறவு, ஊர், முகாமையாளர் வீட்டு வாசல் என இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே வாய் திறக்க வேண்டியிருந்தது. வாலிபர் காங்கிரஸின் தூண்களில் ஒருவரும், 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் ஆசிரியர் சங்கங்களில் முன்னின்று உழைத்ததற்கு இந்நிலையும் ஒரு காரணமாகும். அரசாங்கம் பொறுப்பேற்றபின் முகாமையாளர் மறைந்தார். ஆனால் இடமாற்றம் என்னும் அச்சம் அவர் இருக்கையில் அமர்ந்துகொண்டது. வாயைக் கொடுத்தவருக்கு நெடுந்தீவு என்பது நம் உத்தியோக உலகின் வேடிக்கைப் பேச்சு. குறிகாட்டுவானிலிருந்து நாள்தோறும் படகேறிக் கடல் கடந்து கற்பிக்கச் செல்லும் ஆசிரியர்களையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் அத்தீவுப் பிள்ளைகளையும் எண்ணினால் அந்த வேடிக்கை நகைப்பிற்குரியதன்று. ஒரு தீவின் கல்வி, தண்டனைப் பெயரால் அழைக்கப்படலாமா?

போர் கற்பித்த மௌனம்

இரண்டாவது வேர் மேலும் கொடியது. போர்க்காலத்தில் குடாநாட்டுப் பணிமனைகளுக்கு நேர்ந்ததை உலகில் வேறெந்தப் பணிமனைக்கும் நேரக்கூடாது என்றே வேண்டத் தோன்றும்.

1850இல் தொடங்கப்பெற்று, மக்களால் பெரியாஸ்பத்திரி என அழைக்கப்படும் யாழ்ப்பாண வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். 1987 அக்டோபர் 21, அன்று தீபாவளி. இந்திய அமைதிப்படையினர் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டனர். அன்றும் மறுநாளும் நோயாளரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் வைத்தியர்களும் தாதியர்களும் சிற்றூழியர்களுமாக ஏறத்தாழ 20 பேர் அங்கே பணிபுரிந்தோர். மறுநாட் காலை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாம் வைத்தியர் என்று உரக்கக் கூறியபடி கைகளை உயர்த்தித் தாதியருடன் வந்தபோது சுடப்பட்டு இறந்தார். இத்தனைக்கும் பின்னர் அவ்வைத்தியசாலை மூடிக்கிடக்கவில்லை. எஞ்சியோர் திரும்பி வந்தனர். தோழர்கள் விழுந்து கிடந்த அதே நடைபாதையில் மீண்டும் நடந்து நோயாளரைப் பார்த்தனர்.

பல்கலைக்கழகத்தின் கதையும் அத்தகையதே. அதே 1987இன் பிற்பகுதியில் சேதமுற்றுக் கிடந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை மீண்டும் இயங்கச் செய்வதில் முன்னின்றவர்களுள் ஒருவர், மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜனி திராணகம. எத்தரப்பினர் இழைத்த கொடுமையாயினும் அதைப் பேசியும் எழுதியும் ஆகவேண்டும் என்ற உறுதியுடன் சக ஆசிரியர்கள் சிலர் கூடி மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை நிறுவினர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜனி ஆகிய நால்வரும் எழுதிய 'முறிந்த பனை' 1990இல் நூலாக வெளிவந்தபோது ராஜனி உயிரோடு இல்லை. 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகப் பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. பேசினால் என்ன நேரும் என்பதற்கு அதன்பின் எவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அந்நூலாசிரியர் நால்வருள் ஒருவரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கியவருமான தயா சோமசுந்தரம், போரினால் தனிமனிதர் உள்ளம் புண்படுவதோடு சமுதாயமே ஒட்டுமொத்தமாகப் புண்படுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வடபகுதிச் சமூகங்கள் பிறரைச் சார்ந்து நிற்பனவாயும், செயலற்றனவாயும், மௌனமானவாயும், தலைமை அற்றனவாயும், ஒருவரையொருவர் நம்பாது ஐயுறுவனவாயும் மாறிவிட்டதை அவர் எடுத்துக் காட்டினார். மௌனம், நம்பிக்கையின்மை, ஐயுறவு ஆகிய இம்மூன்றும் ஊரிலே இருந்தால், அவ்வூர் மக்களைக் கொண்டே இயங்கும் பணிமனையிலே மட்டும் எப்படி இல்லாதிருக்கும்?

இங்கே ஓர் உண்மையை நடுவுநிலையோடு நோக்க வேண்டும். போர்க்காலத்தில் மௌனம் கோழைத்தனமன்று. அது உயிர் காக்கும் அறிவு. பக்கத்து மேசையில் இருப்பவர் யாரோடு பேசுகிறார் என்பது தெரியாதபோது வாயை மூடுவதே விவேகம். அவ்வாறு பழகிய ஒருவரை நாம் குறைகூறல் ஆகாது. ஆனால் 2009இல் போர் முடிந்தது. உயிரைக் காத்த அதே மௌனம், இன்று மருந்தின் அளவு பிழையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்ட இளந்தாதியின் வாயையும் மூடுகிறது. ஒரு பிள்ளை அடிபட்டு வருவதை அறிந்த ஆசிரியையின் வாயையும், கணக்கிலே பணம் குறைவதைக் கண்ட எழுதுவினைஞரின் வாயையும் மூடுகிறது. அன்று உயிரைக் காத்தது இன்று பணியைக் கொல்கிறது.

நம்மிடம் உள்ள செல்வம்

துணை செய்யும் பணிமனையை மேல்நாட்டிலிருந்து கடனாகப் பெறவேண்டும் என்று எண்ணுதல் வேண்டா. நம்மிடமே அதற்கு முதல் உண்டு. நம் பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதந்தோறும் சந்தா சேர்க்கிறார்கள். ஊழியர் ஒருவரின் வீட்டில் மரணம் நேர்ந்தால் பணிமனையே திரண்டு செல்கிறது. எட்டுச் செலவிற்கும் அந்தியேட்டிக்கும் தவறாது போகிறோம். துயரத்தைத் தனியாகச் சுமக்க விடலாகாது என்னும் அறிவு நமது பண்பாட்டின் உள்ளத்திலேயே இருக்கின்றது.

பெரியாஸ்பத்திரி ஊழியர்கள் தம் தோழர்களை ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் அவ்வளாகத்திலேயே நினைவு கூர்கிறார்கள். படங்களுக்கு மலர் சாத்தி விளக்கேற்றுகிறார்கள். அன்று பிறந்திராத இளந்தாதியும் அந்த நிகழ்வில் நிற்கிறார். "இங்கே உனக்கு நேர்வதை இந்த இடம் மறவாது" என்று ஒரு பணிமனை தன் ஊழியருக்குச் சொல்லும் சொல் இதனைவிட வேறென்ன?

எனினும் ஒரு குறை உண்டு. செத்தவீட்டிற்கு நாம் தவறாமல் போகிறோம். ஆனால் உயிரோடிருந்து நலிபவரை விசாரிப்பதில்லை. மரணம் எல்லார்க்கும் தெரிந்த துயரம். அதற்குச் சடங்கு உண்டு. உறக்கமின்மைக்கும், மனச்சோர்வுக்கும், காரணமறியாக் கண்ணீருக்கும் சடங்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பட்டப்பெயர் உண்டு. பின்னாலிருந்து பேசும் பேச்சு உண்டு. மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் வேலை நாட்கள் ஏறத்தாழ 1200 கோடி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. போரையும், ஆழிப்பேரலையையும், 2022இன் பொருளாதார நெருக்கடியையும் அடுத்தடுத்துக் கண்ட நாட்டிலே இந்த இழப்பு எளிதாயிருக்குமென எவரும் எண்ணார்.

தலைவரின் முதற் சொல்

என் செய்யலாம்? பெருஞ்செலவு வேண்டியதில்லை, பெருமனம் வேண்டும். அது தலைமையிடத்தில் தொடங்க வேண்டும். ஏனெனில், கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் தலைவர் சொல்லும் முதற் சொல்லே அப்பணிமனையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. "யார் செய்தது?" என்று கேட்டால், அடுத்த செய்தி அவர் காதுக்கு வராது. "சொன்னது நல்லது; எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம்" என்றால், அடுத்த முறை செய்தி முன்னதாகவே வரும்.

கூட்டத்திலே தலைவர் இறுதியிற் பேசவேண்டும். அவர் முதலிற் பேசிவிட்டால் மற்றையோர் பேசுவதெல்லாம் வழிமொழிதலாகிவிடும். கண்டிப்பு அறைக்குள்ளேயும், பாராட்டு மன்றத்திலேயும் நிகழ வேண்டும். முன்னர் கூறிய கணித ஆசிரியையை அதிபர் தனியே அழைத்து, "எந்த இடத்தில் பிள்ளைகள் இடறுகிறார்கள்? நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால், பின்னம் விளங்காத அந்த இருபது பேருக்கும் மாலையில் ஒரு வகுப்பு வைக்க வழி பிறந்திருக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் சிற்றூழியரையும் கூட்டத்தில் அமரச் செய்து, அவர் கண்டதைக் கேட்க வேண்டும். அவரை "நீங்கள்" என்று விளிக்க வேண்டும். துயரத்திலிருந்து மீண்டு வருபவரின் பாடவேளைகளைச் சில கிழமைகள் தோழர்கள் பகிர்ந்துகொள்ளலாம். நலன்புரிச் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில், இருப்பவர் நலத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

இப்படியெல்லாம் இடங்கொடுத்தால் ஒழுங்கு கெட்டுவிடாதா, வேலை நடக்குமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. ஆனால் அச்சமின்மை வேறு, பொறுப்பின்மை வேறு. உயர்ந்த எதிர்பார்ப்பை அச்சத்தோடு சேர்த்தால் பதற்றம் விளையும். அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே நீக்கினால் சோம்பல் விளையும். எதிர்பார்ப்பை உயர்த்தி அச்சத்தை மட்டும் நீக்கினாலே கல்வி விளையும். எட்மன்சனின் ஆய்வுகள் கூறுவதும் இதுவே. பிழையைச் சொன்னவரைத் தண்டியாதே என்பதன் பொருள், பிழையைப் பொருட்படுத்தாதே என்பதன்று.

இது நமக்குப் புதிய அறமுமன்று. திருக்குறளிலே 57ஆம் அதிகாரத்தின் பெயர் 'வெருவந்த செய்யாமை'. தன்கீழ் வாழ்வோர் அஞ்சி நடுங்கத் தக்கவற்றை ஆள்வோன் செய்யலாகாது என்பதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் 45ஆம் அதிகாரத்திலோ, தன்னை இடித்துரைத்துத் திருத்துவாரை அருகில் வைத்துக்கொள்ளாத அரசன், கெடுப்பார் எவரும் இல்லாமலே கெட்டொழிவான் என்று எச்சரிக்கிறார். இவ்வதிகாரங்களை நாம் வகுப்பிலே மாணாக்கருக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். மணியடித்ததும் ஆசிரியர் அறைக்குச் சென்று வாய்மூடி இருக்கிறோம். மாணாக்கர் கற்பது வாயாற் சொல்லிய பாடத்தையா, கண்ணாற் கண்ட பாடத்தையா?

அதிபரிடம் அஞ்சாது ஐயம் கேட்கும் ஆசிரியரைக் கண்ட பிள்ளையே, ஆசிரியரிடம் அஞ்சாது ஐயம் கேட்கும். அப்பிள்ளை நாளை தாதியாகி, வைத்தியராகி, எழுதுவினைஞராகி, அதிபராகி இந்தக் குடாநாட்டின் பணிமனைகளிலே அமரப்போகிறது. மூன்று தலைமுறை கற்றுக்கொண்ட மௌனத்தை ஒரே நாளில் மறக்க முடியாது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதைக் கற்பியாதிருக்க முடியும். வரும் திங்கட்கிழமைக் கூட்டத்திலே, "மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருக்கும் அதிபர் ஒருவர் அந்தப் பணியைத் தொடங்கிவிட்டவராவார்.